செவிலியர் படிப்பில் சேர்வதற்கு முன் பதிவைப் பற்றிக் கேளுங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், மருத்துவமனையில் செவிலியர் நியமனத்தைக் கவனிக்கும் என்னிடம் பெற்றோர் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: குறைந்த செலவில் பிள்ளையை நர்சிங் எங்கே சேர்க்கலாம்? நான் திருப்பிக் கேட்பது வேறொன்று. படிப்பை முடித்த பின் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில், அதாவது எல்லோரும் நர்சிங் கவுன்சில் என்று சொல்லும் அமைப்பில், அந்தப் பிள்ளையின் பெயர் பதிவாகுமா? பதிவாகாத படிப்புக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டினாலும் அது வீண் செலவு என்பதால், கட்டணத்தைப் பற்றிய பேச்சை நான் இதற்குப் பிறகே தொடங்குவேன்.

பதிவுக்கு வழிவிடும் அடிப்படைப் படிப்புகள் மூன்றுதான். இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், தாதியர் பயிற்சி), மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், தாதியர் பயிற்சி) பட்டயம், நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். மூன்றின் பாடத்திட்டத்தையும் வகுப்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது மாநிலக் கவுன்சில். பேருந்து நிலையச் சுவர்களிலும் ஆட்டோக்களின் முதுகிலும் விளம்பரமாகும் "நர்சிங் அசிஸ்டென்ட்", "ஹெல்த் அசிஸ்டென்ட்", "ஃபர்ஸ்ட் எய்டு அண்ட் பேஷன்ட் கேர்" போன்ற ஆறு மாத, ஓராண்டுப் படிப்புகள் எதுவும் இந்தப் பதிவேட்டின் பக்கம் கொண்டுபோய் விடாது. மத்திய அரசின் அங்கீகாரம் என்றோ அரசுச் சங்கப் பதிவு என்றோ அவர்கள் காட்டும் காகிதம் பெரும்பாலும் அந்த அறக்கட்டளையின் பதிவுச் சான்றாகத்தான் இருக்கும். நிறுவனம் பதிவாகியிருப்பதும் படிப்பு அங்கீகரிக்கப்பட்டிருப்பதும் வெவ்வேறு.

இதன் விளைவை நேர்காணல் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். அண்மையில் வந்த ஒரு பெண் தடித்த தாளில், தங்க நிற ஓரத்துடன், ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழை நீட்டினார். இரண்டு ஆண்டுகள் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்ற பேச்சை நம்பி இரவுப் பணி உட்பட எல்லாம் பார்த்திருக்கிறார். கையில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடச் சொன்னால், புதிதாகப் படித்து வரும் பலரைவிடச் சுத்தமாகப் போடுகிறார். ஆனால் அவரை ஸ்டாஃப் நர்ஸாக நியமிக்க என்னால் முடியவில்லை. தர அங்கீகாரத்துக்கான ஆய்வுக்கு வருபவர்கள் ஒவ்வொரு செவிலியரின் கோப்பிலும் கவுன்சில் பதிவின் நகலைத் தேடுவார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அரசுப் பணிக்கும் பதிவு கட்டாயம். வெளிநாடு செல்ல விண்ணப்பித்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். அவரை உதவியாளராகத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது, சம்பளமும் அதற்குரியதுதான். அந்த நர்சிங் ஹோமுக்கு இரண்டு ஆண்டுகள் மலிவான வேலைக்காரி கிடைத்தார் என்பதே என் கருத்து.

சரி, மலிவான நல்ல வழி எது? தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பயிற்சிப் பள்ளிகளை. அங்கே பெண்களுக்கான பட்டயப் படிப்பில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், இட ஒதுக்கீட்டின்படி சேர்க்கை நடக்கிறது; கட்டணம் தனியார் பள்ளியின் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான், பயிற்சியோ எப்போதும் நிரம்பி வழியும் வார்டுகளில். பி.எஸ்சி. நர்சிங்கிற்கு மாநில அரசின் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு உண்டு. அதில் அரசுக் கல்லூரி இடங்களோடு தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் வருகின்றன, அவற்றுக்கு அரசு நிர்ணயித்த கட்டணமே பொருந்தும். இந்த அறிவிப்பு வருவதற்குள் அவசரப்பட்டு, ஏஜென்ட் சொன்னார் என்று ஜூன் மாதமே ஒரு தனியார் பள்ளியில் முன்பணம் கட்டிவிடும் குடும்பங்களே அதிகம். ஒருமுறை அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் ஒப்படைத்துவிட்டால், கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும் அவற்றைத் திரும்பப் பெறப் போராட வேண்டியிருக்கும். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பண்டம் அல்ல, கட்டணப் பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சேர்க்கைக் காலத்தில் நீதிமன்றப் படி ஏற எந்தக் குடும்பத்துக்கு நேரம் இருக்கிறது?

அடுத்ததாக மிஷன் மருத்துவமனைகள் நடத்தும் பள்ளிகள். கட்டணம் மிதமாகவும், ஒழுங்கு கடுமையாகவும் இருக்கும். சில இடங்களில் படிப்பு முடிந்தபின் ஓரிரு ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. பாண்ட் என்றாலே பலரும் மிரள்கிறார்கள். அந்தக் காலத்துக்கான சம்பளம் எழுத்தில் இருக்குமானால், புதிய செவிலியருக்கு அது தண்டனையல்ல என்றே நினைக்கிறேன்.

தனியார் பள்ளிதான் என்று முடிவானால், மாநிலக் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்வி ஆண்டுக்கான பட்டியலைத் திறந்து மூன்றைச் சரிபார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் ஊரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றனவா. நீங்கள் சேரும் அதே படிப்புக்குத்தான் அனுமதியா. எத்தனை இடங்களுக்கு அனுமதி. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. நாற்பது இடங்களுக்கு அனுமதி பெற்ற பள்ளியில் நாற்பத்தைந்தாவது ஆளாகச் சேர்ந்த மாணவிக்கு, அந்தப் பள்ளி உண்மையாகவே அங்கீகாரம் பெற்றதாக இருந்தாலும், தேர்வு எழுதும்போதோ பதிவின்போதோ சிக்கல் வரும். பிஎஸ்சிக்கு அனுமதி வாங்கிய கல்லூரி அதே பெயர்ப் பலகையின்கீழ் அனுமதியில்லாத சான்றிதழ்ப் படிப்பை நடத்துவதும் உண்டு.

பிறகு நேரில் போய்ப் பாருங்கள், கட்டடத்தை அல்ல, மருத்துவமனையை. செவிலியர் பள்ளிக்குக் குறைந்தது நூறு படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது விதி. காலை பத்து மணிக்கு அங்கே போனால் படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, மெத்தைகள் மட்டும் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். இறுதியாண்டு மாணவி ஒருவரிடம், கவனித்த நோயாளிகளையும் பிரசவங்களையும் பதியும் கேஸ் புக்கைக் காட்டச் சொல்லி, எத்தனை பிரசவங்களைத் தன் கையால் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். புத்தகம் நிரம்பியிருந்தும் பதில் வரத் தயங்கினால், அந்தப் பயிற்சியின் தரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டணத்தை ஓராண்டுக்கு மட்டும் கேட்கக் கூடாது. சீருடை, விடுதி, வாகனம், தேர்வுக் கட்டணம், வெளி மருத்துவமனைப் போஸ்டிங் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்து மூன்றாண்டுக்கும் எழுத்தில் வாங்க வேண்டும். நன்கொடை என்ற பெயரில் ரசீது கொடுத்தால் அதை வங்கியும் ஏற்காது, உதவித்தொகை அலுவலகமும் ஏற்காது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியலின, பழங்குடியினக் குடும்பங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் அது பெரும்பாலும் கைவிட்டுப் போகும். கல்விக் கடனுக்கு வங்கிகள் நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த பட்டயத்தையும் பட்டத்தையும் ஏற்கின்றன, 4 லட்சம் ரூபாய் வரை பிணைச் சொத்து கேட்பதில்லை. இதில் இன்னொரு பயனும் உண்டு: வங்கி மேலாளர் ஒரு படிப்பின் பெயரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினால், அங்கீகாரத்தை மறுபடி ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

பெங்களூருக்கு அனுப்பலாமா என்று தென் மாவட்டப் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அங்கே நல்ல கல்லூரிகள் ஏராளம். ஆனால் வேறு மாநிலத்தில் படித்து வருபவர் அந்த மாநிலத்தில் பதிவு செய்து, தடையின்மைச் சான்று பெற்று, பிறகு இங்கே பதிவை மாற்ற வேண்டும். அதற்கான அலைச்சலையும், வகுப்புக்கே போகாமல் தேர்வு எழுதலாம் என்று ஆசைகாட்டும் ஏஜென்டுகளையும் கணக்கில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாண்டு படிக்கவே வழியில்லாத வீடுகளும் உண்டு. அவர்களுக்குத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின்கீழ் இலவசமாகக் கிடைக்கும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சியைத் தயங்காமல் சொல்வேன். நோயாளியைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, உணவூட்டுவது என்று அது கற்பிப்பது மதிப்பான வேலை. செவிலியராக்குவதாக அது பொய் சொல்வதுமில்லை.

அங்கீகாரமற்ற படிப்பில் ஏற்கெனவே இருப்பவர்கள், கட்டிய பணத்துக்காக மீதி ஆண்டையும் அங்கேயே கழிக்க வேண்டியதில்லை. ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் வைத்துள்ள உச்ச வயது 35, ஏ.என்.எம். பதிவு பெற்றவர் பின்னர் ஜி.என்.எம். சேரலாம், ஜி.என்.எம். முடித்தவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பட்டமும் பெறலாம். மேலே சொன்ன பெண்ணுக்கு வயது இருபதுதான் ஆகிறது. பகலில் எங்கள் வார்டில் உதவியாளராக இருந்தபடியே, அரசுச் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளுக்கான இந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு மதிப்பெண் பட்டியலின் அசலைத் திரும்பப் பெறும் முயற்சியில் இருக்கிறார்.