ஒட்டகத்தைக் கட்டும்போது மூளையில் நடப்பது

தேர்வுக்கு முன் தவக்குல் வைத்தால், அதாவது முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைத்தால், பதற்றம் அடங்குவது உண்மையா, வெறும் பிரமையா என்று கூத்தாநல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்.

பதற்றத்தின் வேதியியல் பள்ளியில் படித்ததுதான். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது அட்ரீனலைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. எப்போது மிக அதிகமாக ஏறுகிறது? 208 ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த உளவியலாளர்கள் டிக்கர்சனும் கெமனியும் 2004இல் விடை சொன்னார்கள்: பிறர் நம்மை எடைபோடுவதும், முடிவு நம் கையில் இல்லாததும் ஒன்றுசேரும்போது. வாய்மொழித் தேர்வு அறையின் வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'கையில் இல்லை' என்பதை மூளை எப்படிக் கண்டுகொள்கிறது? நரம்பியலாளர் ஸ்டீவன் மேயரின் எலிச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. இரண்டு எலிகள், இரண்டின் வாலிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவு மின் அதிர்ச்சி. முதல் எலி தன் முன்னால் இருக்கும் சிறு சக்கரத்தைச் சுழற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலி என்ன செய்தாலும் பயனில்லை. வலி இரண்டுக்கும் சமம். ஆனால் மறுநாள் வேறொரு கூண்டில், தப்பிக்க வழியிருந்தும் இரண்டாவது எலி முடங்கிக் கிடக்கிறது. முதல் எலி ஓடித் தப்புகிறது. 'நான் செய்வதற்குப் பலன் இருக்கிறது' என்று உணர்ந்த அதன் முன்மூளைப் புறணி, மூளைத்தண்டில் செரட்டோனின் சுரந்து முடக்கத்தைத் தூண்டும் ரஃபே உட்கருவை அடக்கிவைத்திருந்தது. 2005இல் அந்தப் புறணியை மருந்தால் சற்று நேரம் உறங்கவைத்துப் பார்த்தார்கள். எலி சக்கரத்தைச் சுழற்றியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனாலும் மறுநாள் முடங்கியது! கட்டுப்பாடு கையில் இருந்தாலும் புறணி அதை உணராவிட்டால் பயனில்லை.

இனி தவக்குலுக்கு வருவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பவா, அவிழ்த்துவிட்டு நம்பவா என்று கேட்டவரிடம், "கட்டிவிட்டு நம்பிக்கை வை" என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாகத் திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. கட்டுகிற அந்த வேலைதான் சக்கரத்தைச் சுழற்றுவது என்பது என் வாசிப்பு. வாய்க்காலைத் தூர்வாரி நாற்றங்காலைத் தயார் செய்துவிட்டு, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12ஐ எதிர்பார்க்கும் நம் டெல்டா விவசாயியும் இதைத்தான் செய்கிறார். மேட்டூரின் நீர்மட்டம் அவர் கையில் இல்லை. வினாத்தாளும் விடைத்தாள் திருத்துபவரும் மாணவியின் கையில் இல்லை. அதை ஒப்படைத்துவிட்டால் இரவெல்லாம் அதையே அசைபோட வேண்டியதில்லை. உறக்கம் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பார்ப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதில் சேர்ந்ததுதான்.

தேர்வு நேரத்தில் தாயத்து விற்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. மாணவர்களின் கையிலிருந்து சக்கரத்தையே அவர்கள் பிடுங்கிவிடுகிறார்கள்.

கடவுளோடு சேர்ந்து முயல்பவர்களையும், எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடுபவர்களையும் உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் 1988இல் பிரித்துப் பார்த்தார். முயல்பவர்களிடமே தன்னம்பிக்கை மிகுந்திருந்தது. அவர் ஆராய்ந்தது அமெரிக்கத் தேவாலயத்தினரை. நாகூர் முதல் அதிராம்பட்டினம் வரை படிக்கும் நம் பிள்ளைகளிடமும் இதை அளந்து பார்க்க வேண்டும். கார்டிசாலை எச்சிலிலேயே அளந்துவிடலாம், ஊசிகூட வேண்டாம். திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கான நிதியை அரசு ஒதுக்கட்டும்.