டிவியில் வட்டம் சுற்றுகிறதா? பிளானை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

"நெட் ரொம்ப ஸ்லோ, டிவியில் எதைப் போட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று அழைப்பவர்களில் பாதிப் பேர் அடுத்த மூச்சிலேயே, "பெரிய பிளானுக்கு மாறிவிடட்டுமா?" என்று கேட்கிறார்கள். வீடுகளுக்கு பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். மாதாமாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டியும் அதே வட்டம் சுற்றுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் இப்படித் தேவையில்லாமல் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இருப்பது மோடத்துக்கும் டிவிக்கும் நடுவில் உள்ள சில அடி தூரத்தில்தான். அதை எந்தப் பெரிய பிளானும் சரிசெய்யாது.

முதலில், ஒரு டிவிக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்ப்போம். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 5 மெகாபிட்), 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் என்பது நெட்ஃப்ளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் கணக்கு. ஹாலில் ஒரு 4கே டிவி, உள் அறையில் இன்னொன்று, பிள்ளைகள் கையில் இரண்டு போன் என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 50 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். 100 எம்பிபிஎஸ் பிளான் உள்ள வீட்டில் ஒரே ஒரு டிவி திணறுகிறது என்றால், 300க்கு மாறினாலும் அது திணறத்தான் செய்யும்.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் இறங்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் லைன் நன்றாகவே இருக்கிறது. "நூறு சொல்லிவிட்டு பன்னிரண்டுதான் தருகிறார்கள்" என்று கொதிப்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. இணைப்பு கொடுத்த அன்றே அவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சரி, எப்படி அளப்பது? மூன்று இடத்தில் அளக்க வேண்டும். முதலாவது, மோடத்துக்குப் பக்கத்தில். லேப்டாப் இருந்தால் லேன் கேபிளை நேராக மோடத்தில் செருகி, ஃபாஸ்ட் டாட் காமையோ வேறொரு ஸ்பீடு டெஸ்டையோ ஓடவிடுங்கள். லேப்டாப் இல்லையென்றால், மோடத்திலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் நின்று போனில் அளக்கலாம். அப்போது வீட்டில் வேறு யாரும் எதுவும் பார்க்காமல் இருப்பது நல்லது. இரண்டாவது, அதே போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். மூன்றாவது, டிவியிலேயே அளக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். போனுக்கு நன்றாக வருவதால் டிவிக்கும் வரும் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டின் வைஃபை சிப்பும் ஒன்றில்லை.

டிவியில் அளக்க நான் பயன்படுத்துவது யூடியூப். ஒரு வீடியோவை ஓடவிட்டு, அமைப்புகளில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை இயக்கினால் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் சில எண்கள் வரும். அதில் 'பஃபர் ஹெல்த்' என்ற வரியைக் கவனியுங்கள். இன்னும் எத்தனை விநாடிக்கான படம் டிவி கையில் தயாராக இருக்கிறது என்பதை அது சொல்லும். 20, 30 விநாடி என்று நின்றால் கவலை இல்லை. 12, 7, 3 என்று இறங்கிக்கொண்டே வந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் வட்டம் சுற்றப்போகிறது என்று அர்த்தம். இறங்கும் சமயத்தில் எழுந்து போய் மற்ற கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தியதும் எண் ஏற ஆரம்பிக்கிறதோ, அங்கே இருக்கிறது விஷயம்.

மதுரையில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறார். "தம்பி, ராத்திரி சீரியலைப் போட்டா நின்னு நின்னுதான் போகுது. ஆபீஸ்ல கேட்டா பிளானை மாத்தச் சொல்றாங்க" என்றார். மோடத்துக்குப் பக்கத்தில் அளந்தால் 94 எம்பிபிஎஸ். டிவிக்குப் பக்கத்தில் போனில் 31. டிவியிலேயே பார்த்தால் 6க்கும் கீழே. கேபிள்காரர் வயர் உள்ளே வந்த இடத்திலேயே, வாசல் அறையில், ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் மோடத்தை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். பீரோவைத் தாண்டி இரண்டு செங்கல் சுவர், அதற்கப்புறம் டிவி. அந்த டிவிக்கோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபை மட்டும்தான் தெரியும். "அம்மா, பிளானைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக கிளிப் அடித்து ஒரு லேன் கேபிளை டிவி வரைக்கும் இழுத்துக் கொடுத்தேன். கேபிளும் கிளிப்பும் சேர்த்துச் சில நூறு ரூபாய், ஒரே ஒரு முறை. அவ்வளவுதான் செலவு.

லேன் கேபிள் இழுக்க வழி இருந்தால் அதுதான் முதல் வைத்தியம். பல டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. 4கேக்கே 15 போதும் என்கிறபோது அது தாராளம். கேபிள் இழுக்க முடியாத வாடகை வீடு என்றால் மோடத்தை நகர்த்தப் பாருங்கள். பீரோ, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி, பெரிய கண்ணாடி இவற்றுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. தரையில் வேண்டாம், ஆள் உயரத்தில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஃபைபர் வயரை நீளமாகப் போட்டுத் தரச் சொன்னால் போட்டுத் தருவார்கள், கேட்க வேண்டும்.

வைஃபை பெயர் இரண்டாகத் தெரிந்தால், டிவி மோடம் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருக்கும்பட்சத்தில் 5ஜி என்று முடியும் பெயரில் இணையுங்கள். இது மொபைல் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகிவிடும். 2.4 தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது வைஃபை ஓடும் தடங்கள், 1, 6, 11 என்று மூன்றுதான். அபார்ட்மென்டில் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லாருடைய மோடமும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான். டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது என்றால், அதைப் பிடிக்கக்கூடிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகுவது புது டிவி வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. பழைய டிவிகளில் மெமரி நிறைந்து ஆப் திணறுவதும் இதோடு சரியாகிவிடும். வைஃபையைத் தூரத்துக்கு எட்டவைக்க என்று கடையில் கிடைக்கும் மலிவான எக்ஸ்டெண்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

பலரும் சந்தேகப்படாத ஓர் ஆள் சிசிடிவி. நாலு கேமரா இரவும் பகலும் கிளவுடுக்குப் படத்தை ஏற்றிக்கொண்டே இருந்தால் அப்லோடு பாதை நிறைந்துவிடும். டிவி ஒவ்வொரு துண்டுப் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும், வாங்கியதற்கு ஒப்புதலும் அனுப்ப வேண்டும். அது போகும் வழியே அப்லோடு பாதைதான். அங்கே நெரிசல் வந்தால் டவுன்லோடும் தானாகத் தடுமாறும். போன் போட்டோக்கள் பேக்கப் ஆவதும் இப்படித்தான். பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளி வையுங்கள், கேமராவில் தெளிவைக் கொஞ்சம் குறையுங்கள்.

படத் தெளிவைக் குறைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நெட்ஃப்ளிக்ஸே ஐரோப்பாவில் தன் டேட்டா ஓட்டத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. 32 இஞ்ச் டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு 720பியும் 1080பியும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுகிறது என்றால் எஃப்யூபி அளவு, அதாவது முழு வேகத்தில் தரும் மாத டேட்டா, தீர்ந்திருக்கலாம். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும்.

இதுவரை சொன்னது வீட்டுக்குள். மோடத்துக்குப் பக்கத்தில், கேபிளில் அளந்தபோதே வேகம் இல்லை என்றால் குறை வெளியே. அங்கே நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. மோடத்தில் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியாக ஒளி வரவில்லை. விளக்கு சரியாக இருந்தும் வேகம் குறைந்தால், மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவை (டிபிஎம்) லைன்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று போனால் எங்கோ ஒளி கசிகிறது. போஸ்ட்டிலிருந்து போஸ்ட்டுக்குத் தொங்கும் வயரை அணில் கடித்திருக்கலாம், ஜாயிண்ட் பாக்ஸில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வீட்டுக்குள்ளேயே அந்த மெல்லிய மஞ்சள் வயர் சோபாவுக்கடியில் மடங்கி நசுங்கியிருக்கலாம், அதை நீங்களே பார்த்துவிடலாம்.

காலையில் 90, இரவு எட்டரைக்கு 9 என்றால் வயர் சரி, நிறுவனம் ஒரே பாதையில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருக்கிறது. காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் கேபிளில் அளந்து, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் புகார் கொடுங்கள். லைன்மேன் நம்பருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது புகார் ஆகாது. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண், அதாவது புகார் எண், வாங்க வேண்டும். தீர்வு வரவில்லை என்றால் அந்த எண்ணைக் காட்டி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி அதற்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவைப் புகார்களை அங்கே விசாரிக்க முடியாது என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு வார ஸ்கிரீன்ஷாட்டுகளும் டாக்கெட் எண்ணும்தான் அங்கே உங்கள் ஆதாரம், அழித்துவிடாதீர்கள்.