கத்தாதோர்: சொல் விளக்கம்

போர்ச்சுக்கீசியச் சொல். பிரேசிலில் தெருவிலும் குப்பைமேட்டிலும் அட்டை, பிளாஸ்டிக், அலுமினிய டின் என்று பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்களை இப்படி அழைக்கிறார்கள். தமிழ் எழுத்தில் பார்த்தால் 'சத்தம் போடாதவர்கள்' என்று படுகிறது. நிலைமை நேரெதிர்.

வேர் 'கத்தார்' என்ற வினை. பிடிக்க முயல்வதைக் குறிக்கும் லத்தீன் 'கப்தாரே'யிலிருந்து வந்தது. பிரேசில் வீடுகளில் பீன்ஸ் பயறைப் பரப்பிக் கல்லும் சொத்தையும் எடுப்பது கத்தார். தலையில் பேன் எடுப்பதும் கத்தார்தான். ஆக, அள்ளிக்கொண்டு போவதல்ல, பார்த்துப் பிரித்தெடுப்பது. தொழிலும் அப்படித்தான். தண்ணீர் பாட்டிலின் உடல் ஒரு வகை பிளாஸ்டிக், மூடி வேறு வகை. திருகி எடுத்துத் தனிச் சாக்கில் போட வேண்டும். வெள்ளைத் தாளோடு வண்ணத் தாள் கலந்தால் விலை இறங்கிவிடும்.

முன்பு இவர்களுக்கு வழங்கிய பெயர் 'கத்தாதோர் தி லிஷோ'. லிஷோ என்றால் குப்பை. 2001-இல் பிரேசிலியாவில் கூடி ஒரு தேசிய இயக்கம் கட்டியவர்கள், நாங்கள் எடுப்பது குப்பையல்ல, விலைபோகும் பொருள் என்றார்கள். 2002-இல் அரசின் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலில் 'மறுசுழற்சிப் பொருள் கத்தாதோர்' என்ற தொழில் ஏறியது. பெயர் மாறினால் வயிறு நிறையுமா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் சட்டத்தில் பெயர் இருந்தால்தானே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியும்! 2007-இல் வந்த சட்டத்தின்படி, நகராட்சிகள் டெண்டர் விடாமலே இவர்களின் கூட்டுறவுச் சங்கங்களைப் பணிக்கு அமர்த்தலாம். அதாவது, பொருளை விற்ற காசு தனி, ஊரைச் சுத்தம் செய்த கூலி தனி. 2010-இன் திடக்கழிவுக் கொள்கைச் சட்டமும் இவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. எல்லா நகராட்சியும் கூலி கொடுத்துவிடவில்லை. அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது.

சரி, தமிழில்? வேரைப் பார்த்தால் 'பொறுக்கு' அச்சு அசலாக இதே சொல். அரிசியில் கல் பொறுக்குகிறோம். நல்ல விதையைப் பொறுக்கு விதை என்கிறோம். ஆனால் 'பொறுக்கி' வசைச்சொல்லாகிவிட்டது. 'குப்பை பொறுக்குபவர்' என்று நாளிதழ் எழுதும்போது அந்த வாடை ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் 'தூய்மைப் பணியாளர்'. அது உள்ளாட்சியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ கூலி வாங்குபவரைக் குறிக்கும்; சாக்கோடு தன் பாட்டுக்குச் சுற்றுபவர் அதில் வரமாட்டார். இந்தியாவின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இவர்களை முறைசாரா வகையில் சேகரிப்பவர்கள் என்று தனியாகவே வரையறுத்தன. 'கழிவு சேகரிப்பாளர்' பரவாயில்லை, ஆனால் லிஷோ திரும்ப உள்ளே வந்துவிடுகிறது.

என் தேர்வு: மறுசுழற்சிப் பொருள் சேகரிப்புத் தொழிலாளர். நீளம்தான், பிரேசிலின் அரசுப் பெயரும் நீளம்தான். சுருக்க வேண்டுமானால் 'சேகரிப்புத் தொழிலாளர்' போதும். 'தொழிலாளர்' மட்டும் விட்டுப்போகக் கூடாது. போர்ச்சுக்கீசியத்தில் பெண்ணுக்குக் 'கத்தாதோரா' என்று தனி வடிவம் உண்டு. தமிழில் 'தொழிலாளர்' இருபாலுக்கும் செல்லும்.