கேமட்: நிறவரம்பு

ஒளிப்படத் திருத்தத்துக்கென மானிட்டர் வாங்கச் செல்பவர், அதன் விவரக் குறிப்பில் தவறாமல் காணும் தொடர் ‘கலர் கேமட்’ என்பதாகும். எஸ்ஆர்ஜிபி இத்தனை சதவீதம், அடோபி ஆர்ஜிபி இத்தனை சதவீதம், டிசிஐ-பி3 இத்தனை சதவீதம் என, நிறங்களுக்கான பொதுத் தரங்களின் பெயரோடு அதன்கீழ் எண்கள் நிற்கும். எண் பெரிதாக இருந்தால் திரை துல்லியமானது என்று பலரும் கொள்கின்றனர். கேமட் என்ற சொல் துல்லியத்தைக் குறிப்பதே இல்லை என்பதால், இச்சொல்லைத் தெளிவாக அறிந்துகொள்வது பணத்தையும் படத்தையும் ஒருசேரக் காக்கும்.

இது இசையிலிருந்து வந்த சொல். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோ நகரில் பாடல் பயிற்றிய குய்தோ என்னும் துறவி, இலத்தீன் துதிப்பாடல் ஒன்றின் அடிதோறும் வந்த முதலசைகளை எடுத்து, உட், ரே, மி, ஃபா, சோல், லா என்று சுரங்களுக்குப் பெயரிட்டார். அக்கால இசைமுறையின் மிகத் தாழ்ந்த சுரம் காமா என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கப்பட்டது. அது தன் வரிசையில் ‘உட்’ என்னும் இடத்தில் நின்றதால் ‘காமா உட்’ எனப்பட்டது. அவ்விரண்டும் ஒட்டிக் கேமட் ஆயின. முதலில் அடிச்சுரத்தை மட்டும் சுட்டிய சொல், பின்னர் அதிலிருந்து மேலேறும் சுரவரிசை முழுவதையும், அதன்பின் எந்த ஒன்றின் முழு அளவையும் குறிக்கலாயிற்று. (மானிட்டர் அமைப்புகளில் 2.2 என்ற எண்ணோடு வரும் ‘காமா’ வேறு செய்தி. அது உள்ளீட்டுக்கும் ஒளிர்வுக்கும் உள்ள உறவைச் சொல்வது. எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.)

நிறவியலில் கேமட் என்பது, ஒரு கருவியால் காட்டவோ அச்சிடவோ இயலும் நிறங்கள் அனைத்தும் அடங்கிய பகுதி. மனிதக் கண் காணும் நிறங்களை 1931இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் குதிரை லாடம் போன்ற ஒரு வரைபடத்தில் அடக்கியது. ஒரு திரையின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று முதன்மை நிறங்களையும் அதில் புள்ளிகளாக வைத்து இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்தத் திரையால் அதற்கு வெளியே செல்ல முடியாது. ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபியும், 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபியும் இத்தகைய இரு முக்கோணங்கள். இரண்டுக்கும் சிவப்பு மூலையும் நீல மூலையும் ஒன்றே; பச்சை மூலை மட்டுமே இரண்டாவதில் வெளிநோக்கித் தள்ளி நிற்கிறது. ஆகவே அடோபி ஆர்ஜிபி திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை, பெரும்பாலும் பச்சைக்கும் பச்சைநீலத்துக்கும் கொடுக்கும் விலையாகும்.

மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்றின் படத்தைத் திருத்தியபோது இதை நேரில் கண்டேன். எஸ்ஆர்ஜிபி திரையில் முந்தானையின் ஓரம் மடிப்பே இல்லாத ஒரே திட்டாகத் தெரிந்தது. அந்தப் பச்சைநீலத்தைக் காட்ட வேண்டுமானால் சிவப்பின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே இறங்க வேண்டும்; அதற்கு வழியில்லாததால், வெவ்வேறாக இருந்த சாயல்கள் அனைத்தும் பூஜ்யத்திலேயே வந்து நின்றுவிட்டன. அதே கோப்பை அடோபி ஆர்ஜிபி திரையில் திறந்தபோது மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன.

கேமட் என்பதற்குத் தமிழில் நிற வீச்சு, நிற எல்லை, நிறப் பரப்பு, நிற வரம்பு எனப் பல வழங்கலாம். வீச்சு என்பது எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லுமே அன்றி, எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாது. இயற்பியலில் அலையின் வீச்சு என்று அதற்கு ஏற்கெனவே வேறு வேலையும் உண்டு. பரப்பு என்றால் அளவு மட்டுமே மனத்தில் நிற்கும். வரம்போ வயலிலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டில் வரப்பு என்றும் ஈழத்தில் வரம்பு என்றும் வழங்கும் அந்த மண்மேடு, வயலைச் சூழ்ந்து அதன் நீரை உள்ளே நிறுத்துகிறது. வரைபடத்தில் முக்கோணம் செய்வதும் அதுவே. மேலும், திருத்துபவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் ‘அவுட் ஆஃப் கேமட்’ என்பதற்கு ‘வரம்பு மீறிய நிறம்’ என்ற தொடர் நம் பேச்சுவழக்கிலிருந்தே கிடைத்துவிடுகிறது. வண்ணம் என்பது யாப்பில் சந்தத்தையும் குறிப்பதால், இசையில் பிறந்த சொல்லுக்கு ‘வண்ணவரம்பு’ என்பதும் அழகாகவே இருக்கும். ஆயினும் ஐயத்துக்கு இடமின்றி ‘நிறவரம்பு’ என்பதையே நான் கொள்கிறேன்.

வரம்பு என்று சொல்லிப் பார்த்தால் விளம்பர எண்களும் தெளிவாகும். இரண்டு வயல்கள் ஒரே பரப்பளவு கொண்டிருக்கலாம். அதனால் அவை ஒரே இடத்தில் இருப்பதாக ஆகாது. 1953ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தரத்தை அளவுகோலாகக் கொண்ட ‘72 சதவீதம் என்டிஎஸ்சி’ என்ற குறிப்பு, பரப்பளவில் எஸ்ஆர்ஜிபிக்கு ஏறத்தாழ ஈடானது. ஆனால் எஸ்ஆர்ஜிபியின் நிறங்கள் எல்லாம் அத்திரையில் உண்டு என்பதற்கு அது உறுதி ஆகாது. ஆகவே எஸ்ஆர்ஜிபியை எத்தனை சதவீதம் உள்ளடக்குகிறது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

வரம்புக்குள் ஒவ்வொரு நிறமும் தனக்குரிய இடத்தில் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குரிய அளவு ‘டெல்ட்டா ஈ’. இதிலுள்ள ஈ, உணர்வைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. தமிழில் நிறவேறுபாடு எனலாம். சராசரி 2க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான படங்களில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அகன்ற வரம்புள்ள திரையில், கோப்பின் நிறங்களைத் திரைக்கேற்ப மாற்றித் தரும் நிற மேலாண்மை இல்லாத மென்பொருளின் வழியே எஸ்ஆர்ஜிபி படத்தைப் பார்த்தால், முகங்கள் வெயிலில் கன்றியவைபோலச் சிவந்து தோன்றும். அங்கே வரம்பு பெரிது, துல்லியம் இல்லை.

இணையத்துக்கும் கைபேசிக்கும் மட்டும் படம் தருபவருக்கு, எஸ்ஆர்ஜிபியை முழுமையாக உள்ளடக்கி, நிறவேறுபாடு குறைந்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை போதும். அச்சுக்கு அனுப்புபவர்தான் அடோபி ஆர்ஜிபிக்குச் செலவிட வேண்டும். இருவரும் நிறமானி கொண்டு திரையை அவ்வப்போது சரிபார்த்து, வெண்மையை 6500 கெல்வினிலும் ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கேண்டெலாவிலும் நிறுத்திக்கொள்வது நல்லது. அச்சுக்கு அனுப்பும் முன் ஃபோட்டோஷாப்பின் ‘கேமட் வார்னிங்’கை இயக்கினால், அச்சுப்பொறியின் வரம்பு மீறிய இடங்கள் சாம்பல் நிறத்தில் மூடப்படும். என் மயில்கழுத்துப் புடவையின் ஓரத்தில் அந்தச் சாம்பல் ஒரு விரல் அகலத்துக்குப் படர்ந்தது. அவ்விடத்தின் செறிவை மட்டும் சிறிது குறைத்து, மடிப்புகள் அச்சிலும் நிற்கும்படி செய்தேன்.