நெறியில் பரவிய புற்றுநோயும் கிளினிக்கல் ட்ரையலும்: முதல் மருந்துக்கு முன்பே கேளுங்கள்

செந்தூலிலிருந்து ஓர் அக்கா மகனோடு வந்திருந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து திசுப் பரிசோதனை அறிக்கையை எடுத்து மேசையில் விரித்து, மஞ்சள் மையால் கோடு போட்டிருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். ‘மெட்டாஸ்டாட்டிக் கார்சினோமா (பரவி வந்த புற்று), 14 நிணநீர் முடிச்சுகளில் 3’ என்று இருந்தது.

“மிஸ்ஸி, நாலாவது ஸ்டேஜ்தானே? தம்பி நெட்டுல பார்த்துட்டான்” என்றார். மகன் நிமிரவே இல்லை.

நான் கோலாலம்பூரில் புற்றுநோய் மருந்து ஆய்வுகளில், அதாவது கிளினிக்கல் ட்ரையல்களில், வேலை செய்யும் தாதி. ‘மெட்டாஸ்டாட்டிக்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்து இடிந்துபோய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அதே பக்கத்து அக்குளில் நெறி கட்டி, அதாவது நிணநீர் முடிச்சு வீங்கி, மூன்று முடிச்சுகளில் நோய் இருந்தது. வேறு உறுப்புகளுக்குப் பரவாதவரை அது நாலாம் ஸ்டேஜ் இல்லை. பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது. புற்று அணுக்கள் முடிச்சுக்குள் உருவாகவில்லை, மார்பகத்திலிருந்து வந்து சேர்ந்தவை என்று சொல்லத்தான் ஆய்வகம் அந்தச் சொல்லை எழுதுகிறது.

எந்த முடிச்சு என்பதுதான் முக்கியம். மார்பகப் புற்றுநோயில் அதே பக்கத்துக் காறை எலும்புக்கு மேலே இருக்கும் முடிச்சுக்கு நோய் வந்தாலும் மூன்றாவது ஸ்டேஜில்தான் சேர்ப்பார்கள். வயிற்றில் தொடங்கிய புற்று இடது கழுத்தடி முடிச்சுக்குப் போனால் அது நாலாவது. அதனால் பக்கத்து வீட்டு ஆண்டியின் கதையோடு உங்கள் அறிக்கையை ஒப்பிடாதீர்கள். மருத்துவரிடம் டி (கட்டி), என் (நிணநீர் முடிச்சு), எம் (தூரப் பரவல்) மூன்றுக்கும் என்ன எண் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆய்வு தேடும்போது இந்த எண்கள் இல்லாமல் நகரவே முடியாது. அந்தத் தம்பி ‘மெட்டாஸ்டாட்டிக்’ என்று போட்டுத் தேடியிருந்தார். வந்தவை பெரும்பாலும் உடலெங்கும் பரவியவர்களுக்கான ஆய்வுகள். அம்மாவுக்கு ஒன்றிலும் இடமில்லை. ‘நோட் பாசிட்டிவ்’ (முடிச்சில் நோய் உண்டு), ‘ஸ்டேஜ் த்ரீ’, ‘லோக்கலி அட்வான்ஸ்ட்’ (அந்தப் பகுதியிலேயே முற்றியது) என்று மாற்றித் தேடியபோது வேறு பட்டியல் வந்தது. எத்தனை முடிச்சு என்ற எண்ணிக்கையே சில ஆய்வுகளில் வாசல். அபெமாசிக்ளிப் மாத்திரையைச் சோதித்த ‘மோனார்க்-ஈ’ ஆய்வில் ஹார்மோன் வகை மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களில் நான்கோ அதற்கு மேலோ முடிச்சுகள் பாதித்தவர்களைச் சேர்த்தார்கள். மூன்று வரை என்றால் கட்டி 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லை கிரேடு (அணுக்களின் வீரியம்) மூன்றாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருந்தன.

தேடும் இடம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அமெரிக்க அரசு 2000-இல் தொடங்கிய கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் தளத்தில் நாடு ‘மலேசியா’, நிலை ‘ரெக்ரூட்டிங்’ என்று தேர்ந்தெடுத்தால், ஆள் சேர்க்கும் ஆய்வுகள் மருத்துவமனைப் பெயரோடு வரும். பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகம், பினாங்கு மருத்துவமனை போன்ற பெயர்களைப் பார்க்கலாம். ‘என்சிடி’ என்று தொடங்கும் ஆய்வின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலம் தவறிவிட்டால் இதெல்லாம் இருந்தும் பயனில்லை. கிள்ளானிலிருந்து வந்த ஓர் அங்கிளை என்னால் மறக்க முடியவில்லை. வாய்ப்புற்று, கழுத்தில் நெறி. அவருக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருந்தது. ஆனால் சிகிச்சையே தொடங்காதவர்களை மட்டும்தான் அதில் எடுக்க முடியும். வேறோர் இடத்தில் முதல் கீமோ ஏற்றி அப்போது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆய்வு என்று ஒன்று இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. ஃபைலை மூடி அவர் கையில் திருப்பிக் கொடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அறுவைக்கோ முதல் கீமோவுக்கோ நாள் குறிக்கும்போதே, “டாக்டர், எனக்குப் பொருந்துற ஆய்வு ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. ஆனால் ஆய்வுக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் கூடாது. எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

ஸ்கேன் சிடியையும் கொண்டு வாருங்கள், அறிக்கை மட்டும் போதாது. பல ஆய்வுகளில் முடிச்சின் குறுகிய பக்கத்து அளவு 15 மில்லிமீட்டராவது இருந்தால்தான் அளக்கத்தக்க நோய் என்று எடுப்பார்கள். படம் கையில் இருந்தால் அங்கேயே அளந்துவிடலாம்.

அப்புறம், துரியான் பிளண்டா (முள் சீத்தா) இலைச் சாறு, பப்பாளி இலை, கஷாயம் எதைக் குடித்தாலும் மறைக்காதீர்கள். நான் திட்ட மாட்டேன். ஈரல் பரிசோதனை முடிவு ஏறி நின்றால் காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

“நம்மள சோதனை எலியாக்கிடுவாங்க” என்ற பயம் நம் வீடுகளில் நிறைய. புற்றுநோய் ஆய்வுகளில் புது மருந்து கிடைக்காத பிரிவினருக்கும் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சை நடக்கும். நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஓர் ஆய்வும் தொடங்கக் கூடாது. புது மருந்து கட்டாயம் பலன் தரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அது தெரியாததால்தான் ஆய்வே. ஆனால் ஆய்வு மருந்துக்கென்று பெரிய தொகையை முன்பணமாகக் கட்டச் சொன்னால், இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் கை வைக்கும் முன் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

செந்தூல் அக்கா சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், பள்ளி நோட்டில் ஒன்பது கேள்வி எழுதிக்கொண்டு திரும்பி வந்தார். ஒன்பதாவது: “பாதியில வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா?” கோபிக்க மாட்டார், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை தொடரும் என்றேன். நோட்டில் அந்த வரிக்கு நேராகச் சின்னதாக ஒரு சரி போட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

“தீபாவளிக்குள்ள எத்தனை தடவை வரணும்னு கேளுய்யா.”