குளமும் மறுகாலும் கூகுளும்

பத்தமடையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாய் நெய்கிற குடும்பம். மகன் ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். "அண்ணாச்சி, கூகுள்ல தேடினா எங்க தளம் நாலாவது பக்கத்துல கிடக்கு. முதல் பக்கத்துக்குக் கொண்டுவர மாசம் எட்டாயிரம் கேக்காங்க. அப்படி என்னதான் செய்வாங்க? கொடுக்கலாமா?"

கொடுக்கலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். என்னதான் செய்வார்கள் என்பது அதைவிட நல்ல கேள்வி.

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் கூகுள் கிளம்பிப்போய் இணையத்தை அலசுவதில்லை. அலசல் முன்பே நடந்துவிட்டது. ஒரு நிரல் ஓயாமல் பக்கம் பக்கமாகப் போய்ச் சொற்களைப் பொறுக்கி, தடித்த புத்தகங்களின் பின்னால் இருக்குமே சொல்லடைவு, அதைப்போல ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. 'பத்தமடை' என்ற சொல் வரும் பக்கங்கள் ஒரு பட்டியல், 'பாய்' வரும் பக்கங்கள் இன்னொரு பட்டியல். இரண்டிலும் இருப்பவற்றை எடுத்தால் விடை. பள்ளிக்கூடத்தில் படித்த கணங்களின் வெட்டுதான், வேறொன்றுமில்லை.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். வெட்டில் ஆயிரம் பக்கம் கிடைத்தால் எதை முதலில் காட்டுவது? ஆரம்பகாலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் இருக்கும் சொற்களை வைத்தே முடிவு செய்தன. சொல் அதிக முறை வந்தால் மேலே. இதை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

என் மைத்துனர் பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவரும் ஒருவருக்குப் பணம் கொடுத்துத் தளத்தை 'மேம்படுத்தினார்'. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் அடியில் ஒரு முழம் நீளத்துக்கு வெறும் வெள்ளை. சந்தேகப்பட்டு மவுஸை அழுத்தி இழுத்தேன். நீலப் பட்டையில் வரி வரியாக எழுத்துகள் எழுந்து வந்தன: 'பாத்திரம் திருநெல்வேலி பாத்திரம் மலிவு பாத்திரம் பாளையங்கோட்டை பாத்திரம்.' வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து! இதைத் தில்லுமுல்லு என்று கூகுள் தன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. கண்டுபிடித்தால் தளத்தைக் கீழே தள்ளும். கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறோமே, அதனாலாவது கெடுதல் கிடையாது. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் செருகும் 'கீவேர்டு' பட்டியலும் இந்த ரகம்தான். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. மைத்துனருக்கு வந்த பில்லில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1998இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் (கூகுளைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான்), ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை விட்டுவிட்டு, மற்றப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்து அதை எவ்வளவு சுட்டுகின்றன என்று பார்த்தார்கள். சும்மா எண்ணவில்லை. சுட்டுகிற பக்கம் எவ்வளவு பெரிய ஆள் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். அந்தப் பெரிய ஆளின் பெருமை எங்கிருந்து வந்தது? அதைச் சுட்டும் பக்கங்களிடமிருந்து. அவற்றுக்கு? இப்படியே போனால் தலை சுற்றும். இதை அவிழ்த்த கணக்குக்கு 'பேஜ்ரேங்க்' என்று பெயர். பேஜ் என்பது லாரியின் குடும்பப் பெயர்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அணைக்கட்டில் பிரிகிற கால்வாய் குளத்துக்கு வரும். குளம் நிறைந்தால் மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்கு. ஒவ்வொரு இணையப் பக்கமும் ஒரு குளம், ஒவ்வொரு இணைப்பும் ஒரு மறுகால், தண்ணீர்தான் மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளத்துக்கு இரண்டு மறுகால் இருந்தால் தண்ணீர் பாதிப் பாதியாகப் பிரியும். ஐம்பது இருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு.

மூன்று குளம் எடுத்துக்கொள்வோம். மேலக்குளத்திலிருந்து நடுக்குளத்துக்கும் கீழக்குளத்துக்கும் ஒவ்வொரு மறுகால். நடுக்குளத்திலிருந்து கீழக்குளத்துக்கு ஒன்று. கீழக்குளத்திலிருந்து மேலக்குளத்துக்கு ஒன்று. (தண்ணீர் மேடேறாது என்று சண்டைக்கு வராதீர்கள். இணையத்தில் மேடு பள்ளம் கிடையாது.)

இன்னும் ஒரே ஒரு விதி. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர்தான் மறுகாலில் போகும். மீதி 15 பங்கு வெயிலில் ஆவியாகி, மேகமாகி, எல்லாக் குளத்திலும் சமமாக மழையாகப் பெய்யும். இந்த மழை எதற்கு? இரண்டு குளங்கள் ஒன்றுக்கொன்று மட்டும் மறுகால் வெட்டிக்கொண்டு வெளியே சொட்டும் விடாமல் இருந்தால், உள்ளே வந்த தண்ணீர் திரும்பாது. கொஞ்ச நாளில் ஊர்த் தண்ணீர் முழுக்க அங்கேதான். ஆவியாவதை மட்டும் அவர்களால் தடுக்க முடியாது. பேஜும் பிரின்னும் இதையே வேறு மாதிரி சொன்னார்கள்: இணைப்பு இணைப்பாக அமுக்கிக்கொண்டே போகிற ஒருவர் சலித்துப்போய் அவ்வப்போது எங்கோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். எனக்கென்னவோ மழைதான் பிடித்திருக்கிறது.

இப்போது நூறு பங்கு தண்ணீரையும் மேலக்குளத்தில் கொட்டுங்கள். முதல் சுற்றில் 85 பங்கு இரண்டாகப் பிரிந்து போகிறது. மழை ஆளுக்கு 5. மேலக்குளத்தில் 5, மற்ற இரண்டிலும் 47.5. அடுத்த சுற்றில் மேலக்குளம் 45க்கு ஏறுகிறது, நடுக்குளம் 7க்கு இறங்குகிறது, கீழக்குளம் 47.5லேயே நிற்கிறது. இப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆட்டம் சிறிதாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மேலக்குளம் 39, நடுக்குளம் 21, கீழக்குளம் 40. அதற்கு மேல் எத்தனை சுற்று விட்டாலும் அதே அளவு. தண்ணீரை முதலில் நடுக்குளத்தில் கொட்டியிருந்தாலும் 39, 21, 40தான். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முப்பது வருஷமாகக் கணக்கோடு புழங்குகிறேன், இந்த இடம் இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். மேலக்குளத்துக்கு வரும் கால் ஒன்றுதான். நடுக்குளத்துக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 39, மற்றதில் 21. மேலக்குளத்துக்கு வருவது பெரிய குளத்தின் மறுகால், அதுவும் பங்கு போகாமல் முழுசாக. பத்தமடைப் பாயைப் பற்றி அக்கறையாக எழுதிய ஒரு நல்ல கட்டுரையிலிருந்து வரும் ஓர் இணைப்பு, கண்டதையும் பட்டியல் போடும் தளங்களிலிருந்து வரும் நூறு இணைப்பைவிட ஏன் மேல் என்பதற்கு இதுதான் காரணம்.

அன்றைக்கே 32 கோடி இணைப்புகள் கொண்ட வலையில் இந்தக் கணக்கை விட்டுப் பார்த்தபோது, சுமார் 52 சுற்றில் தண்ணீர் நிலைக்கு வந்துவிட்டது. நிலைக்கு வந்தே தீரும் என்பதற்கான கணிதம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. ரஷ்யாவில் மார்கோவ் 1906இலும், ஜெர்மனியில் பெரோனும் ஃப்ரோபீனியஸும் 1907, 1912இலும் செய்து வைத்தது. அவர்களிடம் யாராவது 'இதனால் என்ன லாபம்' என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. பேஜ், பிரின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளைப் பணமும் போயிருக்கிறது. இந்தக் கணக்கின் காப்புரிமையைப் பயன்படுத்தக் கூகுளுக்கு அனுமதி கொடுத்ததற்காகக் கிடைத்த கூகுள் பங்குகளை விற்று ஸ்டான்போர்டு 33.6 கோடி டாலர் பார்த்தது. இங்கே கணிதத் துறைக்குப் பணம் கேட்டுப் போனால், உடனே ஓர் 'ஆப்' காட்டு என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. சரி, விடுங்கள்.

மழை எல்லாக் குளத்திலும் பெய்யும் என்றேன் அல்லவா, வியாபாரிகள் பிடித்த ஓட்டை அதுதான். ஆயிரம் குட்டையை வெட்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மழை விழும். எல்லாவற்றின் மறுகாலையும் உன் குளத்துக்குத் திருப்பு. யாருமே படிக்காத ஆயிரம் போலித் தளங்களிலிருந்து இணைப்பு விற்கிறார்களே, அந்தத் தொழிலின் அடிப்படை இவ்வளவுதான். கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2012இல் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது இப்படிக் குட்டை வெட்டிப் பிழைத்த தளங்கள் பல ஒரேயடியாகக் கீழே போயின. இன்றைக்குக் குளத்துக் கணக்கோடு வேறு பல கணக்குகளும் சேர்ந்திருக்கின்றன: தேடுகிறவர் இருக்கும் இடம், பக்கம் போனில் ஒழுங்காகத் திறக்கிறதா, எழுதியிருப்பது கேள்விக்குப் பொருந்துகிறதா என்று.

வாசகியின் தளத்தைத் திறந்து பார்த்தேன். பதினோரு படம், ஒரு பத்தி. அந்தப் பத்தியும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் 'பட்டமடை' என்று படிக்கும்படியான எழுத்தில்தான் தேடுவார்கள். இரண்டையும் தமிழையும் சேர்த்து எழுதுங்கள் அம்மா. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவதையும், பட்டுப் பாய்க்குக் கோரையை அவ்வளவு மெல்லிசாகக் கீறுவதையும் உங்கள் வாயால் சொல்லி மகனை எழுதச் சொல்லுங்கள். அதைப் படித்தால்தான் யாராவது உங்கள் பக்கம் மறுகால் வெட்டுவார்கள்.

எட்டாயிரம் கேட்டவர் முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறாரா? அப்படி யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, காட்டுங்கள். தரவில்லையென்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தெந்தக் குளத்திலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போகிறீர்கள், பெயரைச் சொல்லுங்கள். அவர் பட்டியல் கொடுத்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். குளமா குட்டையா என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.