கேமுக்கு முடிவு இருக்கிறதா என்று பாருங்கள்

"பிள்ளை எந்த நேரமும் கேம்தான் சேர், போனைப் பறிச்சிடவா?" பெற்றோர் கூட்டங்களில் அம்மாமார் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் நடத்துகிறேன். கேம் விளையாடுவதும் எனக்குப் பிடிக்கும். பறிப்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள் என்பேன்: அவன் விளையாடுகிற கேமுக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறதா?

போனில் இருக்கும் இலவச கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் நட்டம். தோற்றால் ஒரு விளம்பரம் பார்க்க வேண்டும், பார்த்தால் இன்னொரு உயிர். பிள்ளை எழுந்து போகாமல் இருந்தால்தான் அதைச் செய்தவருக்கு வருமானம். அம்மா விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புவதற்குள், அவர் போட்ட ரீலோட் விளம்பர வீடியோக்களிலேயே கரைந்திருக்கும்.

இன்னொரு வகை கேம் இருக்கிறது. நம் பக்கம் அதை அறிந்தவர்கள் குறைவு. தனி ஆளோ இரண்டு மூன்று பேரோ சேர்ந்து செய்து, பிரவுசரிலேயே திறந்து விளையாடும்படி வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அவ்வளவுதான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு முடிந்துவிடும். 2013இல் தொடங்கிய இட்ச்.ஐஓ என்ற தளத்தில் இப்படி ஏராளம் உண்டு. 'ரன் கேம்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும், இன்ஸ்டால் தேவையில்லை.

என் வகுப்பில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு நான் கட்டாயம் காட்டுவது, நிக்கி கேஸ் 2016இல் வெளியிட்ட 'வீ பிகம் வாட் வீ பிஹோல்ட்' என்ற கேம். வட்டத் தலையர்களும் சதுரத் தலையர்களும் ஒரு வெளியில் சும்மா நடந்துகொண்டிருப்பார்கள். நம் கையில் ஒரு கேமரா. நாம் எடுக்கும் படம் நடுவில் இருக்கும் டிவியில் தலைப்புச் செய்தியாக வரும். தொப்பி போட்டவரைப் படமெடுத்தால், பார்த்தவர்களும் தொப்பி போட ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு சதுரத்தான் யாரையோ பார்த்துக் கத்துவான். அதைப் படமெடுத்ததும் வட்டங்களுக்குச் சதுரங்கள் மேல் பயம் வந்துவிடும். அந்தப் பயத்தைப் படமெடுத்தால் சதுரங்களுக்குக் கோபம். அமைதியாகப் போகிறவர்களை எடுத்துப் பாருங்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைசியில் வருவது துப்பாக்கிச் சத்தம். மொத்தம் ஐந்து நிமிடம்.

முடிந்ததும் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கி வைத்ததை அப்போதுதான் அவர்களுக்குச் சொல்வேன். ஏன் முடக்கினார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வதந்தி எப்படிப் பரவும் என்று ஒரு பாட வேளை முழுக்கப் பேசினாலும் இவ்வளவு பதியாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சின்ன வகுப்புகளுக்கு இது வேண்டாம்.

அவர்களுக்கு 2048 என்ற கேம் போதும். கேப்ரியல் சிருல்லி என்ற பத்தொன்பது வயது இத்தாலிய இளைஞர் 2014 மார்ச்சில் ஒரு வார இறுதியில் செய்தது. ஒரே எண் உள்ள இரண்டு கட்டங்கள் மோதினால் இரட்டிப்பாகும்: 2, 4, 8, 16. 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும எண் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 2048ஐ இரும எண்ணாக எழுதினால் ஒன்றும் பின்னால் பதினொரு பூச்சியங்களும். அந்த எண்ணைத் தொட்டதும் 'வென்றுவிட்டாய்' என்று சொல்லும், கூடவே 'தொடர்ந்து ஆடு' என்ற பொத்தானும் வரும். அதை அழுத்தாமல் எழுந்து வரப் பழக்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிருல்லி 2048இன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்ததால், விளம்பரம் திணித்த நகல்கள் குவிந்துவிட்டன. 2021இல் வெளிவந்த வேர்டில் என்ற சொல் கண்டுபிடிக்கும் கேமுக்கும் அதே கதிதான். பெயரைத் தேடி முதலில் வருவதைத் திறக்காமல், செய்தவரின் பக்கத்துக்கே போங்கள். 'நோட்டிபிகேஷன் அனுப்பலாமா' என்று எந்த கேம் தளம் கேட்டாலும் 'பிளாக்' கொடுங்கள். ஏற்கனவே 'அலவ்' கொடுத்திருந்தால் குரோமின் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸுக்குப் போய் எடுத்துவிடலாம். பழைய பிரவுசர் கேம்களுக்குத் தேவைப்பட்ட பிளாஷ் பிளேயரை இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அது மோசடி. அடோபி நிறுவனம் பிளாஷை 2020 முடிவோடு நிறுத்திவிட்டது. இட்ச்சிலும் யார் வேண்டுமானாலும் எதையும் ஏற்றலாம், பெரியவர்களுக்கு மட்டுமான கேம்களும் அங்கே உண்டு. பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு தடவை விளையாடிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதானே.

டேட்டாவைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஜேஎஸ்13கே என்று 2012இலிருந்து வருடாவருடம் ஒரு போட்டி நடக்கிறது. அதற்கு அனுப்பும் கேம், சுருக்கிய கோப்பாக 13 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. போனில் எடுக்கும் ஒரு படத்துக்கு ஆகிற இடத்தில் அப்படி நூறு கேம்களுக்கு மேல் அடங்கும். சிறிய கேம்கள் பல, பக்கம் திறந்து முடிந்தால் சிக்னல் போனாலும் நிற்காது. மேட்டில் ஏறி ஒரு தடவை திறந்துவிட்டுக் கீழே வந்து விளையாடலாம்.

எனக்குள்ள பெரிய குறை, இவற்றில் தமிழ் அபூர்வம் என்பது. அதனால் வகுப்பிலேயே செய்யத் தொடங்கினோம். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய ட்வைன் என்ற இலவசக் கருவிக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, கதை எழுதத் தெரிந்தால் போதும். மாணவி ஒருத்தி செய்ததில், ராத்திரி பாட்டிக்கு மூச்சு முட்டுகிறது. லொறி கேட்டுத் தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போவதா, குறுக்குப் பாதையால் இறங்கி மெயின் ரோட்டில் ஆட்டோ பிடிப்பதா என்று நாம் தெரிவு செய்ய வேண்டும். எப்படிப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம். எல்லா வழியிலும் டாக்டரின் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஏன் இவ்வளவு நேரம்?" பெரிய நிறுவனங்களின் கேம்களில் எனக்குக் கிடைக்காத ஒன்று அதில் இருந்தது.

ட்வைனில் செய்தது, பிரவுசரில் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வரும். பென் டிரைவில் போட்டு, இணையமே இல்லாத ஆய்வுகூடக் கணினியிலும் திறக்கலாம். யுனிகோட்டில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்தால் அடுத்த கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். உங்கள் பாடசாலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அனுப்பிவையுங்கள். என் மாணவர்கள் விளையாடிப் பார்த்துக் கருத்து எழுதி அனுப்புவார்கள்.